இரண்டடி ஆழம்

கல்லின் நீளம் மூன்றரை அடி.
இரண்டடி மண்ணுக்குள், ஒன்றரை வெளியே.
மஞ்சள் தலை, கறுப்பு இலக்கம்.
சுற்றுநிருபத்தில் அப்படித்தான் இருக்கிறதாம்.
நான் சுற்றுநிருபம் பார்த்ததில்லை.
என் கையில் இருப்பது அலவாங்கு.
நாள் சம்பளம் இரண்டாயிரத்து ஐந்நூறு,
மத்தியானம் பாணும் பருப்பும்.

கருவேலங்கண்டலுக்குப் பின்னால்
நாகபூசணியின் காணிக்குள் நாங்கள் போன முதல் நாள்
அவள் மிளகாய்க்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தாள்.
அதிகாரி ஜீப்பின் பொனற்றில் வரைபடத்தை விரித்தார்.
அதில் அவளுடைய கிணறு இல்லை.
கிணற்றடியில் நின்ற நாங்களும் இல்லை.
பச்சை, பச்சை, எல்லாம் பச்சை.
வானத்திலிருந்து எடுத்த படமாம்.
"எந்த வருசம் எடுத்தது?"
கேட்டுச் சொன்னேன்: ரெண்டாயிரத்துப் பத்து.

அவள் மண்வெட்டியைக் கீழே போட்டாள்.
"அந்த வருசம் நான் செட்டிகுளத்தில
தறப்பாளுக்குக் கீழ இருந்தனான்.
படலையைத் தாண்ட எனக்கு அனுமதி இல்லை.
நான் இல்லாத நேரம் பாத்து
என்ர காணிக்குள்ள காடு வந்தது.
காட்டுக்குள்ள நான் போகேல்ல.
அதுக்கு ஆர் பெர்மிட் குடுத்தது எண்டு கேள்."

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார்.
"கொஞ்சம் கவலைப்படுகிறாவாம்" என்றேன்.
என் சிங்களம் அவ்வளவுதான்.
அல்லது என் துணிவு.

அன்று பன்னிரண்டு கல் நட்டேன்.
மூன்றாம் நாள் பன்னிரண்டும் வீதியோரம்
வரிசையாய்ப் படுத்திருந்தன, தலை எல்லாம் ஒரே பக்கம்.
திரும்ப நட்டேன். திரும்பச் சம்பளம்.
பொய் சொல்ல மாட்டேன்,
அந்த மாதம் மகளின் ரியூசன் காசு
நாகபூசணி பிடுங்கிய கல்லில்தான் கட்டினேன்.

நாலாம் தரம் போனபோது கைகளைக் கண்டேன்.
சாக்குத்துணி சுற்றியிருந்தாள்.
யானை வருகிற இரவுகளில்
விளக்கில்லாமல் இரண்டடி தோண்டிய கைகள்.
என்னைப் பேசவில்லை.
"தண்ணி குடிக்கிறியோ?" என்று மட்டும் கேட்டாள்.
பேசியிருக்கலாம்.

அடுத்த தடவை
ஜீப் தேத்தண்ணிக் கடைக்குப் போன இடைவெளியில்
கற்களின் அடியைச் சம்மட்டியால் உடைத்தேன்.
உள்ளே நாலு கம்பி இருக்க வேணுமாம்.
ஒன்றுகூட இல்லை.
கொந்தராத்துக்காரரும் என் கட்சிதான்.
உடைந்த துண்டுகள் வாய்க்காலுக்குள்,
மிச்சக் கல் ஒரு சாண் குழிக்குள்.
வெளியே சரியாக ஒன்றரை அடி.
"இரண்டடியா?"
"இரண்டடி, சேர்."
கொப்பியில் எழுதினார்.

அவள் பிறகு தோண்டவில்லை.
ஏழாம் இலக்கக் கல்லில் ஆட்டைக் கட்டினாள்.
கறுத்தக் கிடாய், குழைக்கு எட்டி எட்டி இழுத்தது.
பால்பல் ஆடுவதுபோல் ஆடிக் கல் சரிந்தது.
மற்றதுகளையும் ஒரு கிழமைக்குள்
கிடாயே பார்த்துக்கொண்டது.

முல்லைத்தீவுக் கோட்டில் வழக்கு.
"கல்லைப் பிடுங்கியது யார்?"
"ஆடு."
"ஆட்டைக் கட்டியது யார்?"
"நான். கட்டி வளக்கவேணும் எண்டு
பிரதேச சபை நோட்டீஸ் ஒட்டியிருக்கு, ஐயா."
ஒரு சட்டத்தரணி இருமினார், நெடுநேரம்.

என்னையும் கூண்டில் ஏற்றினார்கள்.
எவ்வளவு ஆழம் நட்டாய்?
வாய்க்காலுக்குள் கிடக்கும் துண்டுகள் ஞாபகம் வந்தன,
மழை இல்லாத மாதம், தண்ணீர் வற்றியிருக்கும்.
பின்வாங்கில் அவள், மடியில் பழைய பெர்மிட்,
ஈரம் பட்டு இலக்கம் கரைந்தது.
என்னைப் பார்க்கவில்லை.
சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
ஒன்றரைக்கு பஸ்.

"சுற்றுநிருபத்தில் உள்ளபடி" என்றேன்.

தவணை கார்த்திகைக்குப் போனது.
ஒரே பஸ்சில் ஏறினோம்,
அவள் முன்னுக்கு, நான் பின்கதவடியில்.
காசை நீட்டினேன். கண்டக்டர் வாங்கவில்லை.
"முன்னால இருக்கிற அம்மா
ரெண்டு எண்டு சொல்லி எடுத்திட்டா."